லயத்திலிருந்து எழட்டும் தாய்நலத் தலைமை

பேராதனையின் மருத்துவ பீடம் 1962ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு அண்மையில் ஹந்தானைச் சரிவிலும், அப்பால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைகளிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கலைக்கழகத்துக்கும் லயத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. பாதைதான் இன்னும் சரியாக வெட்டப்படவில்லை.

தாய்சேய் நலத்துறைக்கு நாளைய தலைவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நல்லது. யாரைப் பயிற்றுவிப்பது? இதுவே நமது கேள்வி.

தாய்மரணத்தைக் குறைத்ததில் இலங்கை உலகம் வியக்கும் நாடு. 1930களில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அண்மைக் காலத்தில் அந்த எண் ஏறத்தாழ 30. இதனைப் பெரிய வைத்தியசாலைகள் மட்டும் ஈட்டவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், இலவச மருத்துவமும், வீடு வீடாக ஏறி இறங்கிய மருத்துவிச்சியும் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. ஏறத்தாழ 3,000 மக்களுக்கு ஒருத்தி என நியமிக்கப்பட்டு, கர்ப்பிணியின் பெயரும் குடும்பத்தின் குறையும் அறிந்திருந்தவள் அவள்.

இம்முறை தோட்டத்துக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. தொழிலாளியின் உடல்நலம் கம்பெனியின் பொறுப்பு என்று அரசு ஒதுங்கியது. கம்பெனியின் கணக்கேட்டில் தாயும் சேயும் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களுக்காக வாதாட வாக்குச்சீட்டும் இல்லாது போயிற்று. விளைவு இன்றும் அழியவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17; தோட்டங்களில் 32.

"அத்தாய்மார் அறியாதவர்கள்" என்பர் சிலர். விடியுமுன் எழுந்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, நாள் முழுதும் கொழுந்து பறித்து, மாலையில் அடுப்பை மூட்டுகிறவளுக்கு உபதேசமா குறை? கூலியும் ஓய்வுமன்றோ குறை! அவளிடம் புரியாத மொழியில் பேசிவிட்டு, புரிந்துகொள்ளவில்லை என்று குற்றஞ்சாட்டுவது என்ன நியாயம்? இரத்தப்போக்கு எப்போது தொடங்கியது என்ற ஒரு கேள்வி பிழையாக மொழிபெயர்க்கப்பட்டால் ஓர் உயிர் போகலாம்.

"பதவி இருக்கிறது, தகுதியுள்ள தமிழ்ப் பெண்கள் கிடைப்பதில்லை" என்பர் வேறு சிலர். தகுதி வானத்திலிருந்து சொரிவதன்று. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலையிடம் தகுதியை எதிர்பார்ப்பது, விதைக்காத வயலில் அறுவடை கேட்பதாகும். தரத்தைத் தாழ்த்துமாறு நாம் கேட்கவில்லை. தரத்தை எட்டும் ஏணியைக் கேட்கிறோம். தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வி, தாதியர் பயிற்சியில் தமிழிலும் முழுமையான போதனை, படிக்கும் காலத்தில் உதவிப்பணம், கற்றபின் தன் மக்களிடையே நியமனம், அங்கிருந்து மேற்பதவிக்கு வழி: இவையே நமது கோரிக்கைகள். கொழுந்துக் கூடை சுமந்தவளின் மகள் திட்டம் வகுக்கும் மேசையிலும் அமர வேண்டும். சங்கத்துக்குச் சந்தா செலுத்தும் பெண்கள் ஏராளம். சங்க மேடையில் இக்கோரிக்கை எத்தனை முறை ஒலித்தது?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை வேரூன்றிய காலந்தொட்டு, இம்மலைகளின் செல்வத்தைத் தம் விரல்களால் கிள்ளித் தந்தவர்கள் இத்தாய்மார். அவர்களின் பேறுகாலம் பிறர் தயவை நம்பி நிற்கலாகாது. உங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் தோட்டத்துச் சிறுமியை விஞ்ஞானம் படிக்க வைக்க இவ்வாண்டே போராடுங்கள். அவளுக்குரிய ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் கேட்டுப் பெறுங்கள்.