எங்கே வைத்தாய், மகனே?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தாய் எழுதிய நான்கு பக்கக் கடிதம் என் மேசைமீது கிடக்கிறது. சென்ற இதழிலேயே அதற்கு விடை வந்திருக்க வேண்டும். படித்துக்கொண்டிருந்த ஒரு நூலுக்குள் கடிதத்தைச் செருகிவிட்டு, எந்த நூல் என்பதை மறந்து, மூன்று வாரம் தேடினேன். கடிதத்தின் பொருளே மறதியாதலால் அந்த அம்மையார் என்னைப் பொறுத்தருள்வார் என்று நம்புகிறேன்.

அவருடைய மூத்த மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டிசம் உள்ளவன் என்று சிறு வயதிலேயே மருத்துவர்கள் கூறிவிட்டனர். அரும்பாடுபட்டுப் பத்தாம் வகுப்பு முடித்து, எட்டு மாதங்களாகக் கொருக்குப்பேட்டையில் ஒரு சிறு லேத் பட்டறையில் உதவியாளாக இருக்கிறான். இந்த எட்டு மாதத்தில் அவன் தொலைத்தவற்றைத் தாய் வரிசையாக எழுதியுள்ளார்: ரயில் சீசன் சீட்டு இருமுறை, குடை நான்கு, சோற்றுப் பாத்திரம் மூன்று, கைப்பேசி ஒன்று. இறுதியாகப் பட்டறையின் சாவி. காலையில் முதலாளி ஒரு மணி நேரம் தெருவில் நின்று, பின்பு பூட்டை உடைக்க நேர்ந்தது. இன்னொரு முறை இவ்வாறு நடந்தால் பையனை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

தந்தைக்குச் சினம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஒரு நிலையம் விடாமல் ஒப்பிக்கிறவன், போன ஆண்டுத் திருவிழாவின் ஒன்பது நாள் நிகழ்ச்சியையும் மணிக்கணக்கோடு சொல்லுகிறவன், ஒரு சாவியை மட்டும் நினைவில் வைக்க முடியாதா? இது திமிர் அல்லது சோம்பல். வேலைக்குப் போனது போதும், வீட்டில் இருக்கட்டும் என்பது அவர் தீர்ப்பு. தாயோ செவ்வாய்க்கிழமைதோறும் அரண்மனைக்காரத் தெருவிலுள்ள புனித அந்தோணியார் திருத்தலத்திற்குச் சென்று மெழுகுதிரி ஏற்றி வருகிறார். "இது நோயா, அலட்சியமா? எதுவென்று தெரிந்தால் என் மனம் ஆறும்" என்று முடிக்கிறார்.

அம்மா, இது நோயும் அன்று, அலட்சியமும் அன்று. ஆனால் உங்கள் கணவர் கேட்கும் கேள்வி அறிவுள்ள கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்று நாம் இன்று அறிவதை விரிவாக வரைந்து காட்டிய கட்டுரை அது. அக்குழந்தைகளுக்கு மனப்பாட ஆற்றல் மிகுதி என்று அப்போதே அவர் குறித்திருக்கிறார். பெயர்களும் எண்களும் பாடல்களும் அவர்கள் உள்ளத்தில் கல்லில் எழுத்தாக நின்றன. ஆகவே உங்கள் வீட்டில் காணும் விந்தை புதியதன்று.

நினைவு என்பது ஒரே பெட்டி என்று எண்ணுகிறோம். அது பல அறைகள் கொண்ட வீடு. நடந்து முடிந்ததைத் திரும்பக் கொணர்வது ஒன்று. இனிச் செய்ய வேண்டியதை உரிய நொடியில் தானாக நினைவுகூர்வது முற்றிலும் வேறொன்று. கத்திவாக்கத்திற்கு அடுத்தது எண்ணூர் என்பது முன்னது. திருவொற்றியூரில் இறங்கும்போது குடையை எடுக்க வேண்டும் என்பது பின்னது. இந்த இரண்டாவதைப் பற்றி 1990-இல் ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்னும் இரு உளவியலார் ஒரு பயனுள்ள வேறுபாட்டை எடுத்துரைத்தனர். (இந்த ஐன்ஸ்டைன் வேறொருவர்; நாம் அறிந்த இயற்பியல் மேதை அல்லர்.) "ஐந்து மணிக்கு மருந்து குடிக்க வேண்டும்" என்பது நேரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் நினைவு. "சோறு உண்டவுடன் மருந்து குடிக்க வேண்டும்" என்பது ஒரு செயலைப் பற்றிக்கொண்டு நிற்கும் நினைவு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு முதல் வகை குறிப்பாகக் கடினம் என்றும், இரண்டாம் வகையில் அத்துணை இடர் இல்லை என்றும் பின்வந்த ஆய்வுகள் பல காட்டியுள்ளன. இதை மனத்தில் இருத்துங்கள், கீழே பயன்படும்.

மற்றொரு காரணமும் உண்டு. அவர்களுடைய கவனம் அகல் விளக்கைப் போல எங்கும் பரவுவதன்று, கலங்கரை விளக்கைப் போல ஒரு திசையில் செறிந்து பாய்வது. 2005-இல் டைனா மரே முதலிய மூவர் எழுதிய கட்டுரையொன்று ஆட்டிசத்தின் மையமே இதுதான் என வாதிட்டது. ஒளி விழும் இடம் நண்பகலாக இருக்கும். அதற்கு வெளியே உள்ளது இருளில் கிடக்கும். கையிலிருக்கும் சாவியும் அந்த இருளில் சேர்ந்ததே.

இத்துடன் நம் ஊரின் ஓசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்பதையும், அவற்றின் காற்றொலிப்பான் நெஞ்சை உலுக்குவதையும் நாம் பழகிவிட்டோம். ஆட்டிசம் உள்ளவர் பலருக்கு ஒலி பழகுவதில்லை. ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே தாக்கும். பட்டறையில் எட்டு மணி நேரம் இரும்பு கடையும் ஒலியைத் தாங்கி, மாலை நெரிசலில் ரயிலேறி வரும் ஒருவன், தன் உள்ளத்தின் வலிமையில் பெரும்பகுதியைத் தாங்குவதற்கே செலவிட்டுவிடுகிறான். குடைக்கு என்ன மிஞ்சும்? தொலைந்தவற்றில் பெரும்பாலானவை மாலையில்தான் தொலைந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சோம்பலாயின் அது காலையிலும் இருந்திருக்கும் அல்லவா?

ஆட்டிசம் உள்ளோர் எல்லாரும் பொருள்களைத் தொலைப்பவர் என்று எவரும் கொள்ள வேண்டாம். ஒரு கரண்டி இடம் மாறினாலும் பொறாதவரும் அவர்களுள் உண்டு. உங்கள் மகனே தன் ரயில் படங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறான் என்கிறீர்கள்.

அக்கம்பக்கத்தார் கூறும் ஒரு தேறுதலைப் பற்றியும் எழுதியுள்ளீர்கள்: மேதைகளெல்லாம் மறதிக்காரர்களாம். நம் துறைமுகத்தையே சான்று காட்டுவோரும் உளர். 1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமாநுசன், சரக்குக் கட்டும் தாள்களைத் தேடி எடுத்து அவற்றில் கணக்குப் போட்டார் என்பர். அவருக்கு ஆட்டிசம் இருந்ததென்று இன்று சிலர் எழுதுகின்றனர். மறைந்த ஒருவருக்கு நூறாண்டு கழித்து மருத்துவச் சான்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதனினும் மேலாக, உங்கள் மகன் மதிக்கப்பட அவன் மேதையாக இருக்க வேண்டியதில்லை. அவன் லேத் பட்டறை உதவியாள், அது போதும்.

இனிச் செய்யத்தக்கவை. முதலாவது, ஒரு மருத்துவ எச்சரிக்கை. மறதி தோன்றும் வேளையில் அவன் சில நொடிகள் வெறித்துப் பார்த்து, அழைத்தால் கேளாதவன்போல் இருந்து, பின் ஒன்றும் நடவாததுபோல் தொடர்கிறானா என்று கவனியுங்கள். ஆட்டிசம் உள்ளோரிடையே வலிப்பு நோய் மற்றவர்களைவிட மிகுதி. அதன் ஒரு வகை உடல் துடிப்பின்றி இவ்வாறு வெறும் கவனமின்மைபோலத் தோன்றும். அத்தகைய ஐயம் எழுந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குத் தாமதமின்றிச் செல்லுங்கள். கவனக்குறைவு மிகைச் செயல்பாடு எனப்படும் மற்றொரு நிலையும் உடனிருக்கலாம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை அமெரிக்க உளமருத்துவக் கையேடு 2013-இல்தான் ஏற்றுக்கொண்டது. அதற்குமுன் சோதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டிருப்பர். மீண்டும் ஒருமுறை காட்டுவது நல்லது.

இவை இல்லையென்று தெரிந்தபின் செய்ய வேண்டியது யாது? இங்கே உங்கள் கணவரை நான் துணைக்கு அழைக்கிறேன். அவர் கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க்காக இருபத்தைந்து ஆண்டு பணியாற்றியவர் என்று எழுதியுள்ளீர்கள். ஐயா, இந்தப் பத்தி உங்களுக்கு. உங்கள் யார்டில் ஆயிரக்கணக்கான பெட்டகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. எந்தப் பெட்டகம் எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைக்குமாறு உங்களிடம் எவரேனும் கூறினாரா? ஒவ்வொரு பெட்டகத்தின் மேலும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் கடைசி எண், முன்னவற்றில் பிழை புகுந்ததா என்று சோதிக்கவே வைத்தது. எந்த வரிசை, எந்த அடுக்கு என்பதும் குறிக்கப்படுகிறது. மனிதன் மறப்பான் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டதால்தான் துறைமுகம் நடக்கிறது. காசிமேட்டு மீனவரும் அவ்வாறே. நள்ளிரவில் கடல்மேல் கத்தியைத் தேடிக்கொண்டிருக்க முடியாதென்று படகில் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் வைத்துள்ளனர். உங்கள் மகனின் சாவிக்கு அந்த இடத்தை நீங்கள் அமைத்துத் தந்ததுண்டா?

கதவருகே, அவன் கண் மட்டத்தில், ஒரு பலகை அடியுங்கள். அதில் சாவி, சீசன் சீட்டு, குடை ஆகியவற்றின் வடிவத்தை வண்ணத்தில் வரைந்து, அவ்வவற்றின் மேல் ஆணி வையுங்கள். நல்ல பட்டறைகளில் ஸ்பானர்களை அவ்வாறுதான் மாட்டுவர். பொருள் இல்லையெனில் வெற்று வடிவமே கூவி அழைக்கும். அலமாரிக்குள்ளும் டிரங்குப் பெட்டிக்குள்ளும் எதையும் வைக்காதீர்கள். கண்ணுக்கு மறைந்தது அவனுக்கு இல்லாததாகிவிடும். முக்கியமாக, அம்மா, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிறேன், விருந்தினர் வருகின்றனர் என்று நீங்கள் ஒதுங்க வைக்கும்போது அவன் பொருளைத் தொடாதீர்கள். அவன் தொலைத்ததாக நாம் குறைகூறும் பொருள்களில் சில, நாம் எடுத்து வைத்தவையாக இருக்கும். என் இல்லத்தில் இதை மெய்ப்பிக்க எனக்குச் சான்றுகள் ஏராளம். என் மனைவி இப்பத்திரிகையைப் படிப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

பட்டறைச் சாவியை ஒரு சங்கிலியில் கோத்து இடுப்புப் பட்டையில் மாட்டிவிடலாம். இரவில் அதை மறுநாள் அணியும் செருப்பின் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். "ஏழு மணிக்குச் சாவியை எடு" என்பது நேரத்தைப் பற்றிய நினைவு, அது நழுவும். செருப்பின்மேல் இருந்தால் செயலே நினைவூட்டும். ரயிலுக்கும் அதே முறை: வ.உ.சி. நகர் வந்ததும் எழுந்து, திரும்பி, தான் அமர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பழக்கமாக ஆக்குங்கள். ஒரு வாரம் தந்தையும் உடன் பயணம் செய்து காட்டினால் அவன் பிடித்துக்கொள்வான். நிலையங்களை அவனைவிட நன்கறிந்தவர் யார்? அவன் வாசலைத் தாண்டும் நேரத்தில் எவரும் அவனிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். தொலைந்து வந்த நாளில் "எங்கே வைத்தாய்?" என்று கூவுவதால் பொருள் வருவதில்லை, அச்சத்தில் அவனுக்கு இருந்த நினைவும் போய்விடும்.

மாற்றுத் திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையும் தொலைத்துவிடுவான் என்று அஞ்சுகிறீர்கள். அதன் மின்படியைத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். மூல அட்டை வீட்டில் இருக்கட்டும். தொலைந்தாலும் மறு அட்டைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு.

இனி முதலாளி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. பணியிடத்தில் நியாயமான மாறுதல்கள் செய்து தரவேண்டும் என்று அச்சட்டம் சொல்லுகிறது. ஆயினும் அக்கடமையை அது அழுத்தமாகச் சுமத்துவது அரசு நிறுவனங்கள்மீது. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையில் சட்டப் புத்தகத்தோடு போய் நின்றால் வேலையே போகலாம். ஆகவே தந்தையே போகட்டும். மகனுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். உடைந்த பூட்டின் விலையைக் கொடுத்து, இரண்டு வேண்டுகோள்களை வைக்கட்டும்: திறப்புச் சாவியின் மறுபடி ஒன்று முதலாளியிடமே இருக்கட்டும், மாலையில் பட்டறையைப் பூட்டும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்கட்டும். அளவு பார்ப்பதில் பையன் ஒருமுறையும் பிழை செய்ததில்லை என்று முதலாளியே சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை அவருக்கு நினைவூட்டலாம்.

வீட்டில் உட்கார வைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். எட்டு மாதத்தில் அவன் சுமார் இருநூறு நாள் தனியே ரயிலேறிப் போய், சம்பாதித்து, தனியே திரும்பி வந்திருக்கிறான். தொலைந்தவற்றைக் கணக்கெழுதிய நீங்கள் இதை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியை நிறுத்த வேண்டாம், அம்மா. அடுத்த முறை அவனையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தோணியாருடைய திருப்பாடல் ஏடே ஒருமுறை காணாமற்போய்த் திரும்பிய கதையைச் சொல்லுங்கள். போகும்போது குடையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.