தங்க முகமூடியும் வருகைப் பதிவேடும்

எகிப்து என்றதும் எல்லோருக்கும் தூத்தன்காமுனின் தங்க முகமூடிதான் நினைவுக்கு வரும். அந்தக் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தது 1922 நவம்பரில். அதே 1922இல் பிராகு நகரில் ஓர் இளைஞர் எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்றார். பெயர் யாரோஸ்லாவ் செர்னி. பட்டம் சோறு போடவில்லை. பிழைப்புக்கு ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். கார்ட்டரை உலகமே அறியும், செர்னியை அறிந்தவர்கள் சொற்பம். ஆனால் பண்டை எகிப்தியர் எப்படி வாழ்ந்தார்கள் என்று நமக்கு அதிகம் சொன்னவர் செர்னிதான் என்பது என் அபிப்பிராயம்.

தூத்தன்காமுன் கல்லறை இருக்கும் அரசர் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு குன்றைத் தாண்டினால் தேர் எல்-மதீனா என்ற சிற்றூர். அரசர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். 1922 முதல் கெய்ரோவிலிருந்த பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனத்துக்காக பெர்னார் ப்ரூயேர் அங்கே அகழ்வாய்வு நடத்தினார். அங்கே கூடை கூடையாகக் கிடைத்தவை, மையால் கிறுக்கப்பட்ட சுண்ணாம்புக்கல் சில்லுகளும் பானை ஓடுகளும். பாப்பிரஸ் விலை அதிகம். அதனால் அன்றாடக் கணக்கெல்லாம் இந்தச் சில்லுகளில்தான். எழுத்தும் கோயில் சுவர்களில் காணும் சித்திர எழுத்தல்ல. அதை வேகமாக எழுதும் ஹைராட்டிக் என்ற கூட்டெழுத்து. 1925இல் அங்கே போய்ச் சேர்ந்த செர்னி, ஒவ்வொரு சில்லாகப் படித்துக் கையால் படியெடுத்தார். அந்தப் பட்டியல்கள் 1935 முதல் பிரெஞ்சில் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

அவற்றில் என்ன இருந்தது? கடன் கணக்கு, கழுதை வாடகை, அண்டை வீட்டுச் சண்டை, தானியக் கூலி. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு பெரிய சில்லு அசல் வருகைப் பதிவேடு. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு, சுமார் கி.மு. 1250. நாற்பது பேரின் பெயர், வராத தேதி கறுப்பு மையில். தேதிக்கு மேலே காரணம் சிவப்பு மையில். ஒருவருக்குத் தேள் கடி. ஒருவருக்குக் கண் நோய். இன்னொருவர் பீர் காய்ச்சப் போயிருக்கிறார். செர்னியும் ஆலன் கார்டினரும் சேர்ந்து 1957இல் வெளியிட்ட தொகுப்பில் இதுவும் உண்டு.

பல ஆண்டுகள் மஸ்டர் ரோல் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த அரசனும் தன் கல்லறைச் சுவரில் தோல்வியை எழுதமாட்டான். குமாஸ்தா எழுதுவது யாரையும் மயக்க அல்ல; மேலதிகாரி கேட்டால் காட்டுவதற்கு. அதனாலேயே அதை நம்பலாம். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் கூலித் தானியம் வராமல் இந்தத் தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நமக்குத் தெரிந்தவரை உலகின் முதல் வேலைநிறுத்தம் அது. அரசனின் கல்வெட்டிலிருந்து நாம் அதை அறியவில்லை. இத்தாலியின் தூரின் நகரில் உள்ள ஒரு பாப்பிரஸில், ஊர் எழுத்தரின் குறிப்பாக அது இருக்கிறது.

தங்கம் இருந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் வரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தில் எவ்வளவு, படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கப் போகிறது? தேர் எல்-மதீனா சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இன்னும் வெளியிடப்படாதவை உண்டு. தோண்டுவது ஒரு பருவத்தில் முடியலாம். படிப்பதற்கு ஓர் ஆயுள் வேண்டும்.

செர்னி பின்னாளில் லண்டனிலும், 1951 முதல் 1965 வரை ஆக்ஸ்போர்டிலும் பேராசிரியராக இருந்தார். 1970இல் காலமானார். அந்தத் தொழிலாளர் ஊரைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1973இல்தான் அச்சேறியது, அதுவும் முழுமை பெறாமல். அவருடைய கையெழுத்து நோட்டுப் புத்தகங்கள் ஆக்ஸ்போர்டில் பத்திரமாக இருக்கின்றன. இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போகும் பேரப்பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். தங்கத்தைப் பார்த்து முடித்ததும், பக்கத்து அறையில் கண்ணாடிக்குள் கறுப்பும் சிவப்புமாய் மை படிந்த கல் ஏதாவது இருக்கிறதா என்று தேடட்டும். தேள் கடித்து லீவு போட்டவரின் பெயர் அதில் இருக்கலாம்.