தண்டப்பணமும் சாரதி அனுமதிப்பத்திரமும்: எமது அமைப்புகளின் கடமை என்ன?

அவுஸ்திரேலியாவில் சாரதி அனுமதிப்பத்திரத்தை இழப்பவர் பெரும்பாலும் வேலையையும் இழக்கின்றார். சிட்னியின் துங்காபியிலோ மெல்பேர்ணின் டண்டினோங்கிலோ வாழ்ந்து, விடியுமுன் தொழிற்சாலைக்குச் செல்லும் எம்மவர் பலருக்கு வாகனமின்றேல் ஊதியமில்லை.

குடிபோதையிலோ அபாயகரமாகவோ ஓட்டியவரின் பத்திரம் பறிக்கப்படுவதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. நாம் கேள்வி எழுப்புவது, பணமில்லாமையால் நேரும் இடைநிறுத்தம் பற்றியே. நியூ சவுத் வேல்ஸில், 1996ஆம் ஆண்டின் தண்டப்பணச் சட்டத்தின்படி, செலுத்தப்படாத தண்டப்பணத்துக்காக அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம். பயணச்சீட்டின்றிப் புகையிரதத்தில் சென்றமைக்கான தண்டமும் இதற்குப் போதும். வசதியுள்ளவர் அன்றே செலுத்திவிடுகின்றார். வறியவரோ பிழைப்பையே இழக்கின்றார்.

ஏதிலிகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. இடைநிறுத்தக் காலத்தில் வாகனம் ஓட்டுவது நீதிமன்றம் செல்லும் குற்றமாகும். 2013ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, குற்றம் நிரூபிக்கப்படு முன்னரே, குற்றச்சாட்டுப் பதிவானதும் பிரிட்ஜிங் விசாவை இரத்துச் செய்ய முடியும். செலுத்தாத தண்டப்பணத்தில் தொடங்கும் பாதை தடுப்பு முகாமில் முடியக்கூடும்.

எனினும் மீள்வதற்கு வழிகள் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 2009இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2011இல் நிரந்தரமான 'வேலை மற்றும் மேம்பாட்டு ஆணை'யும், விக்டோரியாவில் 2017இல் தொடங்கிய அதையொத்த திட்டமும் உள்ளன. கடும் பொருளாதார நெருக்கடி, உளநோய், வீடின்மை போன்றவற்றால் வருந்துவோர் ஊதியமற்ற பணி, உளவளத்துணை, சிகிச்சை, கல்வி ஆகியவற்றின் மூலம் கடனைத் தீர்க்கலாம். நியூ சவுத் வேல்ஸில் ஆணை கிடைத்ததும் அனுமதிப்பத்திரத் தடையையும் நீக்க முடியும். நீதிமன்றத்தால் ஓட்டும் தகுதியை இழந்தவர்களுக்கும் அங்கே 2017 ஒக்டோபர் முதல் ஒரு வாய்ப்பு உண்டு. குற்றத்துக்கேற்ப 2 அல்லது 4 ஆண்டுகள் வாகனம் ஓட்டுதல் தொடர்பான எக்குற்றமும் புரியாதிருந்தால், தடையை நீக்குமாறு உள்ளூர் நீதிமன்றிடம் கோரலாம். உயிரிழப்போ பாரிய காயமோ விளைவித்த சாரதிகளுக்கு இது பொருந்தாது.

ஆயினும் வேலை மற்றும் மேம்பாட்டு ஆணையைத் தனியொருவர் தாமாகப் பெறமுடியாது. அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனமோ வைத்தியர் போன்ற சுகாதாரத் துறையினரோ அனுசரணையாளராக முன்வரவேண்டும். எமது சங்கங்களும் ஆலயங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் இந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். முதியோர் பராமரிப்பிலும் அன்னதானச் சமையலிலும் தமிழ்ப் பாடசாலையிலும் செய்யும் தொண்டு ஒரு குடும்பத்தின் கடனைத் தீர்க்குமெனில், அதைவிடச் சிறந்த சமூகப்பணி வேறேது? தமிழ் வைத்தியர்களும் உளவளத்துணையாளர்களும் இதில் இணையவேண்டும்.

பாதிக்கப்பட்டோரே, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் ஒதுக்கிவைக்காதீர்கள். ஆங்கிலம் தடையெனில் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் சட்ட உதவி அமைப்புகளை நாடுங்கள். தடை நீங்கியது உறுதியாகும் வரை வாகனத்தைத் தொடாதீர்கள்.