சோதித்து விற்போம்: ஏர்கன் குண்டு கற்றுத் தந்த பாடம்



மளிகைக் கடைக்காரருக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. சிறிய ஊர்களில் பலசரக்கோடு விளையாட்டுச் சாமான், பலூன், தூண்டில் முள் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்து விற்கும் கடைகள் இன்றும் உண்டு. என் கடையும் அப்படிப்பட்டதுதான். திருவிழாக் காலம் வந்தால் பலூன் சுடும் கடை போடுகிறவர்கள் ஏர்கன் குண்டு கேட்டு வருவார்கள். சென்னை மெரினா கடற்கரையில் தொடங்கி ஊர்ப் பொருட்காட்சி வரை நாம் பார்க்கும் பலூன் கடைகளின் மூலப்பொருளே இந்த ஈயக் குண்டுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் வழக்கமாக வரும் குண்டு கிடைக்காமல், மொத்தக் கடையில் "இதுவும் நல்ல சரக்குதான், விலையும் குறைவு" என்று தந்த வேறொரு ரகத்தை வாங்கி வந்தேன். திருவிழாவுக்கு முதல் நாள் பலூன் கடை அம்மா ஒருவர் பத்து டப்பா வாங்கிப் போனார். "நல்ல சரக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். "முதல் தரம்" என்றேன். டப்பாவைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் திரும்பி வந்து, கல்லாவின் மேல் ஒரு கைப்பிடி குண்டைக் கொட்டினார். பாதிக்குப் பாதி விளிம்பு நசுங்கியிருந்தது. சில குண்டு குழலுக்குள் நுழையவில்லை, சில தானாக வழுக்கி உள்ளே விழுந்தன. குறி பார்த்துச் சுட்டவர்களுக்குப் பலூன் உடையவில்லை. "துப்பாக்கிக் குழலை வளைத்து வைத்து ஏமாற்றுகிறாய்" என்று கூட்டத்தில் சண்டை போட்டுக் காசைத் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் திருவிழாவில் இரண்டு இரவு வருமானம் போய்விட்டது.

நான் சொன்ன பதில் நம்மில் எல்லோரும் சொல்வதுதான். "கம்பெனி சரக்கும்மா, நாங்க என்ன பண்றது?" அதற்கு அவர், "கம்பெனிய நான் பார்த்ததில்ல அண்ணாச்சி. எனக்கு உங்களத்தான் தெரியும்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். துவரம்பருப்பு மூட்டை வந்தால் குத்தூசி போட்டு நடுவிலிருந்து எடுத்துப் பார்க்கிறோம். மிளகை நசுக்கிப் பார்க்கிறோம். புளியை முகர்ந்து பார்க்கிறோம். ஆனால் சீல் வைத்த டப்பாவில் வந்துவிட்டால் நம் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிடுகிறோம். டப்பாவுக்குள் இருப்பதும் சரக்குதானே?

அதன் பிறகு ரைபிள் கிளப்பில் பயிற்சி தரும் நண்பர் ஒருவரிடம் போய், குண்டைச் சோதிப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. நாம் செய்யக்கூடியதுதான்.

முதலில் குண்டின் வடிவம். பரவலாக விற்கும் ஏர்கன் குண்டு 4.5 மில்லிமீட்டர் ரகம். உடுக்கை போல் இடுப்பு சிறுத்திருக்கும். முன்பக்கம் தலை. பின்பக்கம் உள்ளே குழிவாக, விளிம்பு மெல்லியதாக விரிந்திருக்கும். சுடும்போது காற்றின் அழுத்தம் அந்த மெல்லிய விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கிறது. காற்று கசியாமல் குண்டைத் தள்ளுகிறது. ஆகவே விளிம்பு நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் கசியும், குண்டு கோணலாகப் போகும். அந்த அம்மாவின் துப்பாக்கியில் குழல் வளையவில்லை. நான் விற்ற குண்டுதான் வளைந்திருந்தது.

முதல் சோதனை கண் சோதனை. ஒரு டப்பாவைத் திறந்து வெள்ளைத் தாளில் மெதுவாகக் கொட்டுங்கள். நசுங்கியவை, பிசிறு உள்ளவை, வெள்ளையாகப் பூத்துப்போனவை ஆகியவற்றைத் தனியே ஒதுக்கி எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையையும் எண்ணுங்கள். டப்பாவின் மேல் போட்டிருக்கும் எண் உள்ளே இருக்கிறதா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது எடைச் சோதனை. இங்கேதான் நம் அனுபவமே நம்மை ஏமாற்றும். இந்த ரகத்தில் சாதாரணக் குண்டு ஒன்றின் எடை சுமார் 0.53 கிராம். நம் கடைத் தராசு இதைப் பார்க்காது. சரி, 100 குண்டை மொத்தமாக நிறுத்து நூறால் வகுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு டப்பாவில் நூறு குண்டும் 0.53 கிராம். இன்னொரு டப்பாவில் ஐம்பது குண்டு 0.48, ஐம்பது குண்டு 0.58. இரண்டிலும் நூறு குண்டின் எடை 53 கிராம்தான். சராசரியில் இரண்டும் ஒன்று. சுட்டுப் பார்த்தால் முதல் டப்பா ஒரே இடத்தில் அடிக்கும், இரண்டாவது டப்பா மேலும் கீழுமாகச் சிதறும். ஆகவே மில்லிகிராம் காட்டும் நகைத் தராசில் 25 குண்டையாவது ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் உள்ள இடைவெளிதான் தரம். தேங்காய் வாங்கும்போது கூடையின் எடையை மட்டும் பார்க்காமல் காய்க்குக் காய் பார்க்கிறோமே, அதே நியாயம்தான்.

மூன்றாவது சுடும் சோதனை. இதைக் கடையில் செய்யக் கூடாது. ரைபிள் கிளப்பில், பின்னால் தடுப்பு உள்ள இடத்தில், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பழகியவரைக் கொண்டு செய்ய வேண்டும். துப்பாக்கியை மணல் பையின் மேல் அசையாமல் வைத்து 10 மீட்டர் தூரத்தில் தாளில் ஐந்து குண்டு சுட வேண்டும். மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து, அதில் 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்துக்கு மையம் எவ்வளவு சிதறல் என்று கிடைக்கும். ஒரு தாளை வைத்து முடிவு கட்டக் கூடாது. அதிர்ஷ்டத்தில் ஒரு முறை ஐந்தும் ஒன்றாக விழும். ஐந்து தாளாவது சுட்டுப் பார்க்க வேண்டும். ரகம் மாற்றினால் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, குழல் புதுக் குண்டுக்குப் பழக வேண்டும். ஒரு துப்பாக்கிக்குப் பொருந்திய குண்டு இன்னொன்றுக்குப் பொருந்தாமலும் போகலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்கிறீர்களா? 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். இத்தகைய வீரர்கள் குண்டின் தலை அளவைக்கூட 4.49, 4.50, 4.51 என்று பிரித்து, தங்கள் துப்பாக்கியில் சோதித்துப் பார்த்து, பொருந்திய தயாரிப்பு வரிசையிலிருந்தே மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். பலூன் கடைக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் பலூன் கடைக்காரரின் காசும் காசுதான்.

டப்பாவின் மேல் "அதிவேகம்" என்று அச்சடித்திருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 0.53 கிராம் குண்டு நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனாலும், 0.35 கிராம் குண்டு நொடிக்கு 215 மீட்டர் வேகத்தில் போனாலும் ஆற்றல் சுமார் 8 ஜூல்தான். இலேசான குண்டு வேகமாகப் போகும், அவ்வளவே. வேகத்தைக் காட்டி விலையைக் கூட்டுவது, நுரையைக் காட்டிப் பாலை விற்பது போலத்தான்.

"மாதத்துக்கு நான்கு டப்பா விற்கும் சரக்குக்கு இவ்வளவு சிரமமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு கடைக்காரரும் நகைத் தராசு வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சங்க அலுவலகத்தில் ஒரு தராசும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். மொத்த வியாபாரிகள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டப்பாவைத் திறந்து மாதிரி காட்ட வேண்டும். பில்லில் தயாரிப்பு வரிசை எண்ணைக் குறிக்க வேண்டும். சோதிக்காத சரக்கை விற்கத்தான் வேண்டும் என்றால், "இது நான் பார்க்காத சரக்கு" என்று சொல்லி விற்போம். நான் செய்த தவறு மட்டமான குண்டை வாங்கியது அல்ல. பார்க்காமலே "முதல் தரம்" என்று சொன்னதுதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி டப்பாவில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை அல்லது எடை, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பொறுப்பாளி ஆகலாம். பொருளைச் சோதிப்பதில் உரிய கவனம் எடுக்காமல், அதனால் தீங்கு விளைந்தாலும் அப்படியே. "கம்பெனி சரக்கு" என்ற பதில் இனி எல்லா இடத்திலும் செல்லாது.

மளிகைக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். இந்தக் குண்டுகள் பெரும்பாலும் ஈயம். ஈயம் நஞ்சு. கையில் ஒட்டும் தூள் வாய்க்குள் போனால் உடம்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே அரிசி, பருப்பு, மிட்டாய் வைக்கும் அலமாரியில் குண்டு டப்பாவை வைக்காதீர்கள். பருப்பு நிறுக்கும் தட்டில் குண்டைக் கொட்டாதீர்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் பொட்டலம் கட்டாதீர்கள். பலூன் கடைகளில் சிலர் அவசரத்துக்குக் குண்டை உதட்டில் கவ்விக்கொண்டு சுடுகிறார்கள். அது கூடாது என்று சொல்லியே விற்போம். காக்கை, குருவி சுடுவதற்கு என்று கேட்டு வருபவருக்கு விற்கவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் இருக்கிறது. துப்பாக்கியும் சேர்த்து விற்கும் கடைக்காரர்கள், 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவை என்னும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த அம்மா அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு என் கடைக்கு வந்தார். டப்பாவைத் திறந்து, தாளில் கொட்டி, அவர் கண் முன்னே பார்த்து, நசுங்கியதை ஒதுக்கிக் கொடுத்தேன். "நல்ல சரக்கா?" என்று அவர் இந்த முறை கேட்கவில்லை. அதுதான் நமக்குக் கிடைத்த நற்சான்று.

வணிகர்களே, நம் கடையில் உள்ள எந்தச் சீல் வைத்த டப்பாவுக்கும் இது பொருந்தும். வாரத்துக்கு ஒரு டப்பா, ஒரு பொட்டலம் திறந்து பாருங்கள். எண்ணுங்கள், நிறுங்கள், எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் கம்பெனியைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்தது நம் முகம் மட்டுமே.