ஜாதகத்தோடு ரத்தமும் பார்க்க வேண்டாமா?

கலியாணப் பேச்சு எழுந்ததும் தமிழ்நாட்டில் முதலில் கை மாறுவது ஜாதகம். நட்சத்திரம் பார்க்கிறார்கள். பொருத்தம் பார்க்கிறார்கள். நகை, நிலம், உத்தியோகம் எல்லாம் விசாரிக்கிறார்கள். மாப்பிள்ளையின் ரத்தம் எப்படி, பெண்ணின் ரத்தம் எப்படி என்று கேட்பவர் உண்டா? மிகச் சிலரே.

இந்த அலட்சியத்துக்கு விலை கொடுப்பது பிறக்கப் போகும் குழந்தை!

தலசீமியா என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய். அது கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிறர் ரத்தம் ஏற்ற வேண்டும். ஆயுள் முழுவதும் இதே கதைதான். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1986 முதல் அது நடந்து வருகிறது. ஆனால், பொருத்தமான மஜ்ஜையும் கிடைக்க வேண்டும், பணமும் வேண்டும்.

இத்தனைக்கும் தாயும் தகப்பனும் திடகாத்திரமாகவே இருப்பார்கள். நோயின் கூறு மட்டும் அவர்கள் உடலில் மறைந்திருக்கும். ஒருவருக்கு மட்டும் இருந்தால் கவலை இல்லை. இருவருக்கும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம்!

தமிழகத்துக்கு இது புதிய செய்தியல்ல. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் போல் வளையும் சிவப்பணுக்கள் இருப்பதை 1952-இல் எடுத்துச் சொன்னார்கள். இதுவும் பரம்பரை நோயே. பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரின் ரத்தத்தைப் பரிசோதிக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2023 ஜூலை 1-இல் தொடங்கியது.

மலையில் வாழ்பவர்களுக்கு மட்டும் உள்ள கவலையா இது? இல்லை. சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் பல சமூகங்களிலும் உண்டு. நெருங்கிய உறவுக்குள் மணம் முடித்தால், மறைந்த கூறு இரண்டும் ஒரே வீட்டில் சந்திக்க வாய்ப்பு அதிகம்.

அபாயத்தை அறிவது பிரம்ம வித்தையல்ல. டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதி விஷயம் வெளியாகும். குடும்பத்தில் சிறு வயதில் இறந்த குழந்தைகள் உண்டா? அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உண்டா? தாய்மாமனுக்குப் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் வழிந்ததா? ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய் தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவதால்தான் மாமனைப் பற்றிய இந்த விசாரணை. புலால் உண்ணாத குடும்பமா? அப்படியானால் பாலும் தயிரும் போதிய அளவு சேர்கிறதா? அவை குறைந்தால் வைட்டமின் பி12 குறையும். அதனாலும் சோகை வரும்.

மீதியை ரத்தப் பரிசோதனை சொல்லும். சிவப்பணு அளவில் சிறுத்திருந்தால் காரணம் இரும்புச் சத்துக் குறைவா, தலசீமியாவின் கூறா என்று அடுத்த பரிசோதனையில் பிரித்தறியலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. இந்தக் கூட்டத்தில் தலசீமியாவின் கூறு உள்ளவர் தெரியாமல் கலந்து போகிறார். ஆண்டுக் கணக்கில் டானிக் குடித்தும் தேறாதவர் காரணத்தைக் கேட்க வேண்டும். ஆனால், டாக்டரைக் கேளாமல் இரும்பு மாத்திரையை நிறுத்துவது தவறு.

"பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் பெண்ணின் கலியாணம் நின்று விடுமே!" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். இதற்கு சைப்ரஸ் தீவு வழி காட்டியிருக்கிறது. அங்கே ஏழு பேருக்கு ஒருவரிடம் தலசீமியாவின் கூறு உண்டு. திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று 1980-களில் அந்நாட்டுத் திருச்சபையே விதித்தது. பரிசோதனை நடந்தது, ஆலோசனை சொல்லப்பட்டது என்பதே சான்றில் இருக்கும். முடிவு இராது. அது மணமக்களுக்கு மட்டுமே தெரியும். பெரும்பாலான ஜோடிகள் திருமணத்தை நிறுத்தவில்லை. கர்ப்ப காலத்தின் தொடக்கத்திலேயே பரிசோதனை செய்துகொண்டார்கள். நோயோடு பிறக்கும் குழந்தைகள் அரிதாகிவிட்டன.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. இங்கே நோய் அதிகம் என்பதல்ல பேச்சு. பல ஊர்க் குடும்பங்கள் மதித்துக் கேட்கும் இடம் என்பதே முக்கியம். இத்தகைய மடமும், கோவிலும், பள்ளிவாசலும், மாதாகோவிலும் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். முகூர்த்தம் குறிக்க வருகிறவர்களிடம், "இருவரும் ரத்தம் பார்த்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சர்க்காரும் தன் பங்கைச் செய்ய வேண்டும். முதல் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்க வேண்டும். ரகசியம் காக்கப்பட வேண்டும். பெண்ணை மட்டும் பரிசோதித்துப் பிள்ளையை விட்டுவிடும் ஓரவஞ்சனை கூடவே கூடாது. நோயின் கூறு உள்ளவர் நோயாளியல்ல. அவரை ஒதுக்குவது அறியாமை.

பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் பதினோராவதாக இதையும் பார்க்கட்டும்!