அனுமதி கிடைத்தது, பயிற்சி எப்போது?

பிளஸ் 2 பொதுத் தேர்வில் கணக்குப்பதிவியல் பாடத்துக்கு எளிய கணிப்பானைப் (கால்குலேட்டர்) பயன்படுத்த 2026-ஆம் ஆண்டு முதல் தமிழக மாணவர்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டிருக்கிறது. நெடுநாள் கோரிக்கை நிறைவேறியதில் மகிழ்ச்சியே. இருப்புநிலைக் குறிப்பைப் புரிந்துகொண்ட மாணவர், கூட்டலில் ஓர் இலக்கத்தைத் தவறவிட்டதால் மதிப்பெண் இழப்பது அந்தப் பாடத்தின் நோக்கமன்று. ஆனால், ஒரு கருவியைக் கொண்டுவர அனுமதிப்பது வேறு. அதைக் கையாளக் கற்றுத் தருவது வேறு. இரண்டாவது பணி இன்னும் தொடங்கப்படவில்லை.

கணிப்பானில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு, கூட்டல், மூன்று, பெருக்கல், நான்கு என்று கடைகளில் பயன்படும் எளிய கணிப்பானில் வரிசையாக அழுத்தினால் 20 என விடை வரும். அதையே அறிவியல் கணிப்பானில் அழுத்தினால் 14 என வரும். முதற்கருவி அழுத்திய வரிசையில் கணக்கிடுகிறது. இரண்டாவது, பெருக்கலுக்கு முன்னுரிமை தருகிறது. 14-தான் சரி என்பதை அறிந்த மாணவர்கூட, தம் கையிலுள்ள கருவி எந்த வகை என்பதை அறியாவிட்டால் தவறான விடையை நம்பிக்கையோடு எழுதுவார்.

அறிவியல் கணிப்பானில் சிக்கல் இன்னும் கூடுதல். சைன் 30 பாகையின் மதிப்பு அரை என்பது பத்தாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். கருவி ரேடியன் நிலையில் இருந்தால் அதே விசைகள் -0.988 என்று காட்டும். கிரேடியன் நிலையில் இருந்தால் 0.454. கருவி பழுதடையவில்லை, கேட்டதற்கு விடை சொல்கிறது. கேள்வியைச் சரியாகக் கேட்பது நம் பொறுப்பு.

நம் மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல் மாணவர்கள் இன்றும் மடக்கை அட்டவணையைப் புரட்டியே கணக்கிடுகிறார்கள். ஓராண்டு கழித்துப் பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்ததும் அறிவியல் கணிப்பான் இன்றியமையாததாகிவிடுகிறது. இடையில் அதைச் சொல்லித்தரும் வகுப்பு எதுவும் இல்லை. மூத்த மாணவரிடமோ பக்கத்து இருக்கைக்காரரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர ஆளுண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை, நாற்பது விசைகளுக்கு மேல் உள்ள கருவியில் ஏழெட்டு விசைகளை மட்டும் பயன்படுத்தியே பட்டம் பெற்றுவிடுகிறது. கல்லூரியில் கூட்டு வட்டியும் ஆண்டுத் தொகையும் நடத்திய காலத்தில், சூத்திரத்தை ஒப்பித்த மாணவர்கள் அடுக்கு விசையைத் தேடித் தடுமாறியதை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன்.

அறிவியல் கணிப்பான் நேற்று வந்ததன்று. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் எச்.பி.-35 கையடக்க அறிவியல் கணிப்பான் 1972-இல் 395 டாலர் விலையில் வெளிவந்தது. பொறியாளர்கள் அதுவரை நம்பியிருந்த நழுவு அளவுகோல் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தது. 1974-இல் வந்த எச்.பி.-65 கருவியில் கணக்கிடும் படிகளையே எழுதி, காந்த அட்டையில் சேமித்து வைக்க முடிந்தது. 1975-இல் அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் இணைந்த அப்பல்லோ - சோயூஸ் பயணத்தில் அக்கருவியும் சென்றது. இன்று சிங்கப்பூரில் பல்கலைக்கழகப் புகுமுகக் கல்வியில் எச்2 கணிதம் பயிலும் மாணவர்கள், வரைபடம் வரையும் கணிப்பானோடுதான் தேர்வெழுதுகிறார்கள். நம் நாட்டில் நீட், ஜே.இ.இ. தேர்வுகளில் கணிப்பானுக்கு இடமில்லை. பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்விலோ கணினித் திரையிலேயே அறிவியல் கணிப்பான் தரப்படுகிறது. ஆக, நம் மாணவருக்கு மனக்கணக்கும் வேண்டும். கருவியும் கைவர வேண்டும்.

நிரல் எழுதுதல் என்றதும் விலையுயர்ந்த கணினி ஆய்வகத்தை நினைக்கிறோம். நிரலின் கரு எளியது: ஒரு படியின் விடையையே அடுத்த படியின் தொடக்கமாக வைத்து, அதே விதியைத் திரும்பத் திரும்பச் செயற்படுத்துவது. நிரல் எழுத இயலாத சாதாரண அறிவியல் கணிப்பானிலும் இதைச் செய்யலாம். அதற்கென்றே அமைந்தது, முந்தைய விடையை நினைவில் வைத்திருக்கும் 'ஆன்ஸ்' விசை.

பண்ருட்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். பலாவும் முந்திரியும் பருவத்தையொட்டி வருமானம் தருபவை. பருவத்துக்கு முன்பு கடன், பிறகு தவணை என்பதே பல குடும்பங்களின் வாழ்க்கை. ஒரு சிறு வணிகர் 1,20,000 ரூபாய் கடன் வாங்குவதாகக் கொள்வோம். 'ஆண்டுக்கு 12 விழுக்காடு பிளாட் வட்டி; அசலும் வட்டியும் சேர்த்து மாதம் 11,200 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணை' என்கிறார் கடன் தருபவர். 1,20,000-க்கு 12 விழுக்காடு 14,400. கணக்கு சரியாகத்தான் தோன்றுகிறது.

வணிகரின் பிளஸ் 2 படிக்கும் மகள் கணிப்பானை எடுக்கிறாள். முதலில் 120000 என அழுத்திச் சமக்குறியை அழுத்துகிறாள். பிறகு, 'ஆன்ஸ் × 1.01 - 11200' என்று ஒரே ஒரு முறை உள்ளிடுகிறாள். மாதம் ஒரு விழுக்காடு வட்டியைச் சேர்த்துத் தவணையைக் கழிக்கும் விதி இது. இனி, சமக்குறியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் நகரும். நிலுவை 1,10,000 ஆகிறது, பிறகு 99,900, பிறகு 89,699. பதினோராம் மாத முடிவில் நிலுவை ஏறத்தாழ 4,332 ரூபாய். கடைசி மாதம் வட்டியோடு 4,375 ரூபாய் கட்டினால் கடன் தீர்ந்திருக்க வேண்டும், கேட்கப்படுவதோ 11,200. மிகை ஏறத்தாழ 6,825 ரூபாய்.

அப்படியானால் உண்மையான வட்டி எவ்வளவு? 1.01 என்பதை மாற்றி மாற்றி முயன்றால், 1.0179-இல் பன்னிரண்டாம் மாத நிலுவை பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது. அதாவது, ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 விழுக்காடு. அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு அசலுக்கும் கணக்கிடப்பட்டதே காரணம். அந்த மாணவி செய்தது நிரலாக்கம், அறிந்துகொண்டது பொருளியல்.

தனிநபர் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் கடன்களுக்கும் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி வீதத்தைக் குறிப்பிட்டு, முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் கட்டாயப்படுத்தியுள்ளது. வரவேற்கத்தக்க விதி. எனினும், எழுதிக் கொடுத்த எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கே அது முழுப் பயன் தரும். தெரிந்தவர்களிடமும் உள்ளூர் வட்டிக்காரர்களிடமும் வாங்கும் கடனுக்கு அந்தத் தாளும் கிடையாது. அங்கே துணை நிற்பது நம் கணக்கறிவு மட்டுமே.

கருவி வந்தால் மூளை மழுங்கும் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் ஹெம்ப்ரி, டெசார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 79 ஆய்வுகளைத் தொகுத்து 1986-இல் வெளியிட்ட முடிவு இங்கே வழிகாட்டும். வழக்கமான பயிற்சியோடு இணைத்துக் கணிப்பானைப் பயன்படுத்திய மாணவர்களின் கைக்கணக்குத் திறன் பொதுவாகக் குறையவில்லை; ஆனால், நான்காம் வகுப்பு நிலையில் தொடர்ந்து பயன்படுத்தியபோது பாதிப்பு தென்பட்டது. நம் திண்ணைப் பள்ளிகளில் 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை எண்சுவடியை மனப்பாடம் செய்ததும், அன்றைய வணிகத்துக்கும் நிலவரிக்கும் அது தேவைப்பட்டதால்தான். தேவை மாறும்போது கருவி மாறலாம். அடித்தளம் மாறக் கூடாது. எனவே, தொடக்கப் பள்ளியில் வாய்பாடே போதும். கணிப்பானின் இடம் மேல்நிலை வகுப்பு.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பதினோராம் வகுப்புத் தொடக்கத்தில் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் பத்துப் பாடவேளை கணிப்பான் பயிற்சி அளிக்கலாம். விடையைத் தோராயமாக மதிப்பிட்ட பிறகே விசையைத் தொட வேண்டும் என்பது அதன் முதல் பாடமாகட்டும். ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் ஒரு வகுப்புக்குப் போதுமான அறிவியல் கணிப்பான்களை வாங்கி வைக்கலாம். திறன்பேசியின் விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு அற்பம். வினாத்தாளும் மாற வேண்டும். கணிப்பானை அனுமதித்துவிட்டு, ஒரு லட்சத்துக்குப் பத்து விழுக்காடு என்றே கேட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை. 87,450 ரூபாய்க்கு 11.75 விழுக்காடு என்று வாழ்க்கையில் வரும் எண்களைத் தர வேண்டும். எந்தக் கடன் மலிவு, ஏன் என்று கேட்க வேண்டும்.

கணக்குப்பதிவியல் தேர்வுக்கு அளித்த அனுமதியைக் கல்வித் துறை ஒரு தொடக்கமாகக் கொள்ள வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி அளித்தாலே போதும். பண்ருட்டி மாணவி அடுத்த கடன் பத்திரத்தில் தந்தை கையெழுத்திடுவதற்கு முன்பே அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுவாள்.