கணினி சொல்வது மதிப்பீடு, தீர்ப்பல்ல

மாணவர்களே, சதுரங்கப் போட்டி முடிந்ததும் ஆட்டத்தைக் கைப்பேசியில் ஆராய்வது இன்று வழக்கமாகிவிட்டது. ஒரே நிலையை ஒரு கைப்பேசி வெள்ளைக்கு +0.8 என்கிறது, மற்றொன்று +0.3 என்கிறது. ‘எது தவறு?’ என்று வாதம் எழுகிறது. பெரும்பாலும் இரண்டும் தவறில்லை.

சதுரங்கத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை கணக்கிட எந்தக் கணினியாலும் இயலாது. சாத்தியமான ஆட்டங்கள் சுமார் 10-இன் 120ஆம் அடுக்கு என்று கிளாட் ஷானன் 1950இல் மதிப்பிட்டார். எனவே, நிரல் ஓரளவு தூரம் பார்த்துவிட்டு, அங்குள்ள நிலைக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறது. 20 அரைநகர்வுகள்வரை பார்த்தால் இலாபமாகத் தெரியும் சிப்பாய், 24வரை பார்த்தால் ராணியைப் பிடிக்கும் பொறியாகத் தெரியலாம். வேகமான கணினி அதே நேரத்தில் இன்னும் ஆழமாகப் பார்க்கும், விடையும் மாறும்.

நிரலுக்கு நிரல் பார்வையும் வேறு. ஸ்டாக்ஃபிஷ் மிகப் பல நிலைகளை வேகமாக அலசும். லீலா செஸ் ஜீரோ குறைவான நிலைகளையே பார்த்து, ஒவ்வொன்றையும் பெரிய நரம்பியல் வலையமைப்பால் எடைபோடும்.

ஒரே கணினியில், ஒரே நிரல்கூட இருமுறை இருவேறு விடை தரலாம். அதன் செயலிக் கருக்கள் பல ஒரே நேரத்தில் தேடி, கண்டதைப் பொது நினைவகத்தில் பதிகின்றன. எது முந்துகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், தேடலின் பாதையும் மாறுகிறது. நினைவகத்தைத் துடைத்து, ஒரே கருவை மட்டும் பயன்படுத்தி, ஆழத்தையும் நிர்ணயித்தால் அதே விடை திரும்ப வரும். ராஜாக்கள் உட்பட 7 காய்களோ அதற்குக் குறைவாகவோ எஞ்சிய நிலைகளுக்கு மட்டும் முழுக் கணக்குப் பட்டியல் உண்டு; அங்கே வெற்றியா, தோல்வியா, சமநிலையா என்பதில் ஐயமில்லை.

நீர் 100 பாகை செல்சியஸில் கொதிப்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தில்தான். கேமரன் மலையில் அதற்குக் குறைவிலேயே கொதிக்கும். ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுடன் சூழலையும் எழுதுகிறோம். சதுரங்க எண்ணுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்: எந்த நிரல், எந்தப் பதிப்பு, எவ்வளவு ஆழம்?

+0.8க்கும் +0.3க்கும் சண்டை வேண்டாம்; வெள்ளைக்குச் சற்று மேல் என்றே இரண்டும் சொல்கின்றன. ஒன்று +0.5, மற்றொன்று -4 என்றால், இன்னும் ஆழமாகத் தேடவிடுங்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது எண்களின் வேறுபாடு அல்ல; ‘கணினி சொல்லிவிட்டது’ என்று யோசிப்பதையே நிறுத்திவிடும் பழக்கம்தான். முதலில் உங்கள் நகர்வையும் காரணத்தையும் தாளில் எழுதுங்கள். பிறகு கணினியைக் கேளுங்கள்.